விழுந்த ஸ்கூட்டியைப் பார்த்தவர்கள்

இணையத்தில் விளம்பரம் போட்டுக் கொடுப்பது என் தொழில். அதாவது, ஒருவரும் தேடாத ஒன்றை, அவர்கள் வேறெதையோ பார்த்துக்கொண்டிருக்கும்போது, கண்முன்னால் கொண்டுபோய் நிறுத்துவது. நெல்லியடிச் சந்தைக்குக் கிட்ட, ஒரு மருந்துக்கடைக்கு மேலே, இரண்டு மேசை போட்ட அறையில் இது நடக்கிறது. ஒரு மேசை எனக்கு, மற்றது படங்களை வடிவமைக்கும் சுகந்திக்கு. இதே தொழிலில் இருக்கிறவர்கள் இதைப் படித்தால் பேசாமல் தலையாட்டுவார்கள். மற்றவர்கள், விளம்பரம் வந்த கணமே பெருவிரலால் மேலே தள்ளிவிடுகிறவர்கள். உங்களுக்கு வரும் தொல்லைதான் எங்களுக்கு வரும் சோறு. ஆகவே ஒருவரையொருவர் மன்னித்துக்கொண்டு மேலே படிக்கலாம்.

கண்ணாடிக் கடைக்காரர்

எனக்குக் கிடைத்த முதல் வாடிக்கையாளர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். ஒரு மாதம் அவருக்கு விளம்பரம் ஓடியது. மாத முடிவில் எத்தனை பேர் அதைப் பார்த்தார்கள் என்ற விபரத்தை அச்சடித்து, ஓரங்களை மடங்காமல் பிடித்துக்கொண்டு கடைக்குப் போனேன். ஊரில் உள்ள அத்தனை பேரும் பார்த்துவிட்டதைப் போன்ற ஒரு தொகை அதில் இருந்தது. எனக்கே பெருமையாக இருந்தது.

அவர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, தாளை வெளிச்சத்துக்குப் பிடித்து இரண்டு தரம் வாசித்தார். அந்த மாதம் புதிதாகக் கடைக்கு வந்தவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் வழி கேட்க வந்தவர். தாளை மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டுச் சொன்னார்: "இவ்வளவு சனம் பாத்திருக்கெண்டால் எல்லாருக்கும் கண் நல்லாய்த் தெரியுது, தம்பி. பிறகேன் என்னட்டை வரப்போயினம்?"

கதிரை இல்லாத கடை

வதனி கோப்பாயிலிருந்து ஸ்கூட்டியிலேயே வந்திருந்தாள். வயது முப்பத்துநான்கு. கணவனுக்கு வவுனியாவில் வேலை, கிழமைக்கு ஒருமுறை வருவான். அவள் யாழ்ப்பாணத்தில் ஒரு புடைவைக் கடையில் ஒன்பது வருடம் நின்றவள். நின்றவள் என்பது அவளே சொன்னது, ஏனென்றால் அங்கே விற்பனைப் பெண்கள் உட்காருவதற்குக் கதிரை கிடையாது. காலையில் போனால் பின்னேரம்வரை கால்தான். அதை விட்டுவிட்டு, பெண்களுக்கு ஸ்கூட்டி ஓடப் பழக்கத் தொடங்கியிருந்தாள். பழைய ஸ்கூட்டிகள் இரண்டு சேர்த்திருந்தாள். பழக்குகிற இடம் மாமனாருடைய தோட்டக் காணி, நாலு பரப்பு அளவு. வெயில் காலத்தில் வெறுமனே கிடக்கும் செம்மண் நிலம்.

அந்த மாமா ஒரு நிபந்தனை வைத்திருந்தார். ஐப்பசி மழை தொடங்குமுன் பத்துப் பேர் பழக வந்துவிட்டால் இந்த வருடம் காணி அவளுக்கு. வராவிட்டால் முதல் மழையோடு உழவு மெசின் இறங்கும், பிறகு வெங்காயம். அவள் மறுபடி அந்தக் கடையில் போய் நிற்க வேண்டியதுதான். எங்களிடம் வந்தபோது ஆவணி பாதி. வந்திருந்தவர்கள் மூன்று பேர், மூவரும் புடைவைக் கடையில் அவளோடு நின்ற பெண்கள்.

படம் எப்படி வேண்டும் என்று சுகந்தி கேட்டாள். வழக்கமாக நாங்கள் போடுவது: ஹெல்மெற் போட்டுச் சிரிக்கும் ஒரு பெண், பின்னால் நீல வானம். வதனி அதைப் பார்த்துவிட்டு வேண்டாமென்று தலையை ஆட்டினாள். "என்னை வடிவாய்க் காட்டிப் பிரயோசனமில்லை அண்ணை. ஸ்கூட்டி விழுந்து கிடக்கிற மாதிரி ஒரு படம் போடுங்கோ. எங்கடை சனம் அதுக்கு மட்டும்தான் நிண்டு பாக்கும்."

இத்தனை வருடம் இந்தத் தொழிலைச் செய்தும் எனக்குத் தோன்றாத ஒன்றை, கையில் ஹெல்மெற்றோடு நின்றபடியே அவள் சொன்னாள். சுகந்தி நீல வானத்தை மூடினாள். வதனியிடம் கதிரையைக் காட்டினேன். "பழகிப்போச்சு அண்ணை," என்றாள்.

படம் எடுத்த பின்னேரம்

மறுநாள் சுகந்தியும் நானும் கோப்பாய்க்குப் போனோம். சுற்றிவர கிளுவை வேலி, மூலையில் ஒரு கிணறு. மாமா வேலியோரமாகக் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார். மெலிந்த மனிதர், சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். அவருடைய மண்வெட்டியை மூன்று நாளாகக் காணவில்லை. "என்ரை மண்வெட்டியைக் கண்டனீங்களோ?" என்று எங்கள் இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டார், அப்போதுதான் வந்திறங்கிய எங்களிடம். அடுத்த காணிக்காரர்மேல் அவருக்கு ஒரு சந்தேகம் இருப்பது தெரிந்தது.

வதனி ஒரு ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டுவந்து, நித்திரையாகிப்போன பிள்ளையைக் கிடத்துவதுபோல நிலத்தில் சாய்த்தாள். பக்கத்தில் தானும் உட்கார்ந்து, எழும்பப்போகிறவள்போல ஒரு கையை ஊன்றினாள். முகத்தில் ஒரு வெட்கமும் இல்லாத சிரிப்பு. சுகந்தி பல தடவை எடுத்தாள். மாமா இடுப்பில் கை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்து முடித்தபின் சொன்னார்: "ஓடப் பழக்கிறனெண்டு சொல்லிப்போட்டு விழுத்திப் படமெடுக்கிறாய். வெங்காயம் ஒருநாளும் விழாது, பிள்ளை."

முதல் அழைப்பு

படத்தின் மேலே பெரிய எழுத்தில் எழுதினோம்: "விழுந்தாலும் எழும்பி ஓடப் பழகலாம். பெண்களுக்கு மட்டும். கோப்பாய்." கீழே வதனியின் இலக்கம். யாழ்ப்பாணம் முழுவதற்கும் காட்டச் சொல்லி விட்டோம்.

இரண்டாம் நாளே அழைப்பு வந்தது. எங்களுக்கு முன்னாலேயே வதனி போனைச் சத்தமாகப் போட்டாள். சாவகச்சேரியிலிருந்து ஓர் ஆள். எழுத்து ஒன்றையும் அவர் வாசித்திருக்கவில்லை, ஸ்கூட்டியை மட்டும் பார்த்திருந்தார். இது விற்பனைக்கு இல்லை, பழக்குகிறதற்கு என்று வதனி மூன்று விதமாக விளங்கப்படுத்தினாள். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, இப்படிக் கதைத்துத்தான் விலையை ஏற்றுவார்கள் என்று தெரிந்தவருடைய குரலில் சொன்னார்: "அதெல்லாம் சரி தங்கச்சி. விழுந்த ஸ்கூட்டிதானே, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கோ."

பெருவிரல்

அடுத்தவர் போனை எட்டிப் பார்ப்பது நல்ல பழக்கமில்லை. எங்கள் தொழிலில் அதற்கு ஆராய்ச்சி என்று பெயர். அந்தக் கிழமை யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸில் இடமில்லாமல் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன் இருக்கையில் நடுத்தர வயதுப் பெண் ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு கலியாண வீடு. ஒரு மரண அறிவித்தல். யாரோ வைத்த நண்டுக் கறி. இன்னொரு மரண அறிவித்தல். அந்த அறிவித்தல்களில் மட்டும் விரல் நின்றது. பெயர், ஊர், பிள்ளைகள் எந்த எந்த நாட்டில் என்பது வரைக்கும் வாசித்துவிட்டுத்தான் நகர்ந்தது.

பிறகு எங்கள் ஸ்கூட்டி வந்தது. நான் இன்னும் கொஞ்சம் குனிந்தேன். விரல் நிற்கவில்லை. வேகம்கூடக் குறையவில்லை. அரிசியைப் பார்க்காமலே கல்லை எடுத்துவிடும் கைகள் உண்டல்லவா, அந்தத் தேர்ச்சியோடு எங்கள் விளம்பரம் முன்னதற்கும் பின்னதற்கும் இடையிலிருந்து எடுபட்டுப் போனது. கோபம் வரவில்லை. ஒரு நல்ல கைவேலையைப் பார்த்த மரியாதைதான் வந்தது. ஆனாலும் மனம் கேட்கவில்லை. "அக்கா, இப்ப ஒரு ஸ்கூட்டி விளம்பரம் போனது. பாத்தனீங்களோ?" என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, போனைத் திருப்பி மடியில் கவிழ்த்து வைத்தார். "விளம்பரமோ? என்ரை போனிலை விளம்பரமே வாறேல்லை, தம்பி."

சொந்த ஊர்

ஆவணி முடிந்துவிட்டது. இன்னும் அதே மூன்று பேர்தான். யாழ்ப்பாணம் முழுக்கக் காட்டினதுதான் பிழை, கோப்பாய்க்காரருக்கு மட்டும் காட்டினால் போதும் என்று யோசித்தேன். விளம்பரம் யாருக்குப் போகவேண்டும் என்று குறிக்க ஒரு படிவம் உண்டு. அதில், சொந்த ஊர் கோப்பாய் என்று தங்கள் இணையப் பக்கத்தில் எழுதியிருப்பவர்கள் எல்லோருக்கும் காட்டு என்று குறித்துவிட்டு, நல்ல வேலை செய்த திருப்தியோடு சாப்பிடப் போனேன்.

மூன்றாம் நாள் வதனியிடமிருந்து குரல் பதிவு ஒன்று வந்தது. "அண்ணை, நாலு பேர் போன் எடுத்தவை. ஒராள் சுவிஸ், ஒராள் லண்டன், ரெண்டு பேர் கனடா. 'எங்கடை ஊரிலையோ, எங்கடை ஊரிலையோ' எண்டு கேட்டுப்போட்டு, சந்தோசம் எண்டு சொல்லி வைக்கினம். ஒராள் அழுதும்போட்டார். நான் இவைக்கு என்னத்தைப் பழக்கிறது?" நான் படிவத்தை மறுபடி திறந்து பார்த்தேன். விளம்பரம் முழுவதும் கடல் கடந்து ஓடிக்கொண்டிருந்தது. கோப்பாயில் அதைப் பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். எனக்கு விளங்கவில்லை. சுகந்தி தன் மேசையிலிருந்து தலையை நிமிர்த்தாமலே விளங்கப்படுத்தினாள்: "கோப்பாயிலை இருக்கிறவை தங்கடை ஊர் கோப்பாய் எண்டு ஏனண்ணை எழுதப்போயினம்? அது அவைக்குத் தெரியும்தானே."

மூன்றாம் வீடு

வதனிக்குப் போன் எடுத்து, பிழை என்னுடையது என்று சொன்னேன். விளம்பர நாட்களில் பாதிக்கு மேல் போய்விட்டது என்பதையும் சொன்னேன். போனில் அவளுக்குப் பின்னால் மாமாவின் குரல் கேட்டது, உழவு மெசின்காரனுடன் நாள் பேசிக்கொண்டிருந்தார். "சரி அண்ணை, மாத்திவிடுங்கோ," என்றாள். திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை மாற்றுவதற்காகப் படிவத்தைத் திறந்துவைத்திருந்தபோது அவளுடைய குரல் பதிவு வந்தது. மூச்சு வாங்கக் கதைத்தாள். நாலாவது ஆள் வந்துவிட்டாள். காணிக்குப் போகும் அதே ஒழுங்கையில், மூன்றாம் வீடு. ஸ்கூட்டி பழக்கப்படும் என்று எழுதி வேலியில் வதனி கட்டிய பலகையைத் தாண்டித்தான் ஒவ்வொரு நாளும் கடைக்குப் போய்வருகிறவள். எப்படித் தெரியும் என்று வதனி கேட்டிருக்கிறாள். கனடாவிலிருக்கும் தங்கச்சி எடுத்து, உங்கடை ஒழுங்கையிலை ஸ்கூட்டி பழக்கினமாம், உனக்குத் தெரியாதோ என்று ஏசினாளாம். அப்படியானால் இந்தப் பலகை? அது மின்சாரக்காரர் ஏதோ எழுதிக் கட்டியது என்று அவள் நினைத்திருந்தாளாம்.

கோப்பாயில் ஓர் ஒழுங்கையில் நடக்கும் காரியம் கனடா போய், அங்கே ஒருத்தியின் கண்ணில் பட்டு, திரும்பி வந்து மூன்றாம் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறது. வேலியிலிருந்து அந்தக் கதவுக்கு நூறு அடிகூட இல்லை. வெளிநாடு போனவர்கள் வீட்டுக்குப் போன் எடுத்து என்ன கதைக்கிறது என்று தேடிக்கொண்டே இருப்பவர்கள். அவர்களுக்கு நாங்கள் ஒரு கதை கொடுத்திருந்தோம். இதை வதனி எனக்கு முன்னமே கண்டுகொண்டாள். பதிவின் முடிவில், அதட்டுகிற குரலில் சொல்லியிருந்தாள்: "அண்ணை, நீங்கள் விட்ட பிழையைத் தயவுசெய்து திருத்திப்போடாதேங்கோ."

விழாத அம்மா

அதற்குப் பிறகு ஓர் ஒழுங்கு வந்தது. சனி ஞாயிறில் வெளிநாட்டு அழைப்புகள் வரும். திங்களோ செவ்வாயோ கோப்பாயில் ஒருத்தி வேலிப் படலையைத் திறந்துகொண்டு வருவாள். ஐந்து, ஆறு, ஏழு. எவளும் விளம்பரத்தைப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் யாரோ சொல்லியிருந்தார்கள்.

எட்டாவதாக வந்தவர் தவமணி அக்கா, இளைப்பாறிய தாதி, அறுபது வயது. மகன் பாரிஸில். அவன் வேலைக்குப் போகும் ரயிலில் எங்கள் படத்தைப் பார்த்திருக்கிறான். விழுந்து கிடக்கும் ஸ்கூட்டி, பக்கத்தில் ஒரு பெண், மேலே கோப்பாய் என்ற எழுத்து. ஏதோ விபத்துச் செய்தி என்று நினைத்து, அடுத்த தரிப்பிலேயே இறங்கி அம்மாவுக்கு எடுத்துவிட்டான். அந்தக் கதையை அவர் காணி நடுவில் நின்று, ஹெல்மெற் வாரை நாடியில் இழுத்து மாட்டிக்கொண்டே சொன்னார். அன்று நானும் அங்கே இருந்தேன். "'அம்மா, விழுந்திட்டீங்களோ?' எண்டு பதறிக் கேக்கிறான். நான் சொன்னன், இன்னும் விழேல்லையடா, விழுறதுக்கு எங்கை போகவேணுமெண்டு விலாசத்தைப் பாத்துச் சொல்லு."

அவர் அன்றே இரண்டு தரம் விழுந்தார். இரண்டு தரமும் வதனி ஓடவில்லை, நடந்துதான் போனாள். தானாக எழும்பும்வரை பக்கத்தில் நின்றாள். ஏன் கை கொடுக்கவில்லை என்று நான் பிறகு கேட்டேன். "றோட்டிலை விழேக்கை நான் அங்கை நிக்கமாட்டனே, அண்ணை."

மழை

ஐப்பசி பிறந்து இரண்டாம் நாள் விடியவே குரல் பதிவு. மிகச் சின்னது. "மழை, அண்ணை. ஒன்பது பேர்தான்." கேட்டுக்கொண்டிருக்கும்போதே நெல்லியடியிலும் ஓட்டில் தூறல் விழுந்தது. முதல் பஸ்ஸில் ஏறினேன்.

ஒழுங்கை முகப்பில் உழவு மெசின் நின்றது. காணிக்குள் ஒன்பது பெண்களும் குடைகளோடு வேலியோரம் வரிசையாக நின்றார்கள். மாமா எண்ணுவதென்றால் எண்ணட்டும் என்று வதனிதான் வரச்சொல்லியிருந்தாள். பத்தாவது ஆளாக யாரையாவது, தன் மச்சாளையோ மாமியையோ, அவள் நிறுத்தியிருக்கலாம். நான் அதை மெதுவாகச் சொல்லியும் பார்த்தேன். "ஓடப் பழக வந்த ஒன்பது பேரண்ணை. அவ்வளவுதான்," என்றாள். சேலைத் தலைப்பால் ஒரு ஸ்கூட்டியின் இருக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள், அது மறுபடி மறுபடி நனைந்தது.

மாமா கிணற்றடியிலிருந்து வந்தார். ஒரு கையில் போன். மறு கையில் மண்வெட்டி. நேரே என்னிடம்தான் வந்தார். முந்தின நாள் அவருடைய மகள் கனடாவிலிருந்து எங்கள் விளம்பரத்தை அனுப்பியிருக்கிறாள், அப்பா, எங்கடை தோட்டக் காணி போனிலை வருது என்று. அவர் அந்தப் படத்தை இரண்டு விரலால் விரித்து எனக்குக் காட்டினார். ஸ்கூட்டி வெளியே போனது. வதனியின் முகம் வெளியே போனது. நாங்கள் பெரிதாக எழுதிய எழுத்துகளும் போயின. இடது மூலையில், கிளுவை அடியில், புல்லுக்குள் ஒரு மரப்பிடி தெரிந்தது. நான் அந்தப் படத்தோடு ஒன்றரை மாதம் இருந்தவன். சுகந்தி அதன் ஒவ்வொரு ஓரத்தையும் வெட்டி ஒட்டியவள். ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. "அடுத்த காணிக்காரனைச் சும்மா குறை நினைச்சுப்போட்டன்," என்றார். அதை அவர் எனக்குச் சொல்லவில்லை, மண்வெட்டிக்குச் சொன்னார்.

பிறகு திரும்பி, அந்த ஒன்பது பேரையும் ஒரு கரையிலிருந்து மறுகரை வரை பார்த்தார். எண்ணினார் என்றுதான் நினைக்கிறேன். தவமணி அக்கா குடையைச் சற்று உயர்த்திப் பிடித்தார். மாமா காணியின் நடுவுக்கு நடந்துபோய், மண்வெட்டியை ஓங்கி ஒரு கொத்துக் கொத்தினார். விடியுமுன் பெய்த மழையில் மண் இளகியிருந்தது. தகடு முழுவதும் சத்தமில்லாமல் செம்மண்ணுக்குள் போய்விட்டது. நான் நின்ற இடத்தில் என் செருப்பு இரண்டும் புதைந்திருந்தன. அவர் மண்வெட்டியை இழுத்து எடுத்து, அதில் ஒட்டியிருந்த சேற்றைக் காலால் வழித்துவிட்டு, ஒழுங்கை முகப்பைப் பார்த்து உழவு மெசின்காரனுக்குத் திரும்பிப் போகச்சொல்லிக் கை காட்டினார். வதனி துடைப்பதை நிறுத்தியிருந்தாள். அவளைப் பார்க்காமலே சொன்னார்: "ரெண்டு மாதமாய் ஓடி ஓடி நிலத்தைச் சீமெந்து மாதிரி இறுக்கிப்போட்டியள். இனி இதுக்குள்ளை உழவு மெசினின்ரை பல்லு இறங்காது. இந்தமுறை வெங்காயம் இல்லை, பிள்ளை."

இணையத்தில் வரும் விளம்பரத்தை மனிதர் உண்மையிலேயே கவனிக்கிறார்களா என்று இனி யாரும் என்னைக் கேட்டால், கவனிக்கிறார்கள், அதன் மூலையில் அவர்களுடைய மண்வெட்டி கிடக்க வேண்டும், அவ்வளவுதான் என்று சொல்வேன்.